உரைக்கான எழுத்துருவில் கணக்கையும் கோக்கலாமா?

சாயுயரம் | திங்கள், இரவு 9.10

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக நாங்கள் மூன்று ஆசிரியைகள் சேர்ந்து 72 பக்கத்தில் ஒரு வினாத்தொகுப்பு தயாரித்து வருகிறோம். முதலில் வேர்டில் சமன்பாட்டுப் பெட்டியைத் திறந்து சூத்திரங்களை அடித்தோம். புரூப் பார்த்த மூத்த ஆசிரியை, கேள்வியில் இருக்கும் 7 ஒரு சாயலிலும் சூத்திரத்தில் இருக்கும் 7 இன்னொரு சாயலிலும் இருப்பதாகவும், பக்கம் ஒட்டுப்போட்ட துணிபோல் தெரிவதாகவும் சொன்னார். அவர் சொன்னது சரியென்றே எனக்கும் பட்டதால், சமன்பாட்டுப் பெட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தமிழுக்குப் பயன்படுத்திய அதே எழுத்துருவில் சூத்திரங்களையும் அடித்து, மாறிகளை மட்டும் சாய்வாக்கினேன். பார்வைக்குப் பக்கம் ஒரே சீராக வந்தது.

அதில் நான்கு பக்கத்தை நகலெடுத்து வகுப்பில் தேர்வு வைத்தபோதுதான் விவகாரம் தெரிந்தது. ஒரு நேர்வட்டக் கூம்பின் ஆரம் 7 செ.மீ., சாயுயரம் 25 செ.மீ., வளைபரப்பு என்ன என்பது கேள்வி. மேலே சூத்திரத்தையும் கொடுத்திருந்தோம்: பை, ஆர், எல். வரவேண்டிய விடை 550 சதுர செ.மீ. ஐந்து பிள்ளைகள் 22 என்று எழுதியிருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே தவறைச் செய்வானேன் என்று தாளைத் திருப்பிப் பார்த்தால், அச்சில் எல் என்ற எழுத்து வெறும் கோடாக, 1 போலவே நின்றது. பிள்ளைகள் பையை ஆரத்தால் பெருக்கி, பிறகு ஒன்றாலும் பெருக்கியிருக்கிறார்கள். இன்னொரு கேள்வியில் கழித்தல் குறி வரியின் கடைசியில் தங்கிவிட, 5 மட்டும் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. மைனஸ் ஐந்து பல தாள்களில் வெறும் ஐந்தாகிவிட்டது.

உரைக்கான சாதாரண எழுத்துருவில் கணக்கைக் கோப்பதே தவறா, அல்லது நான் கோத்த விதம்தான் தவறா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஜங்ஷன் டிடிபி | திங்கள், இரவு 10.02

டீச்சர், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் பட்டது சின்ன அடிதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் வைத்துக் கணக்குக் கேள்வித்தாள் அடித்த காலத்தில் நாங்கள் பட்டதைக் கேளுங்கள். பாமினி எழுத்துருவில் ஆங்கில எக்ஸ் இருக்கும் இடத்தில் தமிழ் ஒகரம் இருக்கும், ஒய் இருக்கும் இடத்தில் லகரம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு மாறிக்கும் நின்று, எழுத்துருவை டைம்ஸுக்கு மாற்றி, சாய்வாக்கி, மறுபடியும் பாமினிக்குத் திரும்ப வேண்டும். பை வேண்டுமானால் சிம்பல் எழுத்துருவுக்கு மாறிப் பீ விசையைத் தட்ட வேண்டும்.

ஒரு முறை கடையில் இருந்த பையன், எழுத்து சிறியதாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னதும் பக்கம் முழுவதையும் தேர்ந்து ஒரேயடியாகப் பாமினி 13 பாயிண்டு என்று போட்டுவிட்டான். பாமினியில் பீ விசை தருவது இகரத்துக்கான கொக்கி. வட்டத்தின் பரப்பளவு என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு கொக்கி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. 300 பிரதி ஓட்டிய பிறகுதான் பார்த்தோம். தாளுக்கான காசு என் கையிலிருந்து போனது.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) வந்த பிறகு இந்தக் கூத்து குறைந்துவிட்டது. ஆனாலும் கழித்தல் குறிக்கு விசைப்பலகையில் இருக்கும் சின்னக் கோட்டைப் போடும் பழக்கம் பலருக்கும் போகவில்லை. அது சொற்களை இணைக்கும் கோடு. வரி நிறைந்தால் அந்த இடத்தில் உடைக்கலாம் என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். கழித்தலுக்கு ஒருங்குறியில் 2212 என்ற எண்ணில் தனிக் குறி உண்டு, அகலத்திலும் அது கூட்டல் குறிக்குச் சரியாக நிற்கும்.

பொதிகைத்தென்றல் | செவ்வாய், காலை 7.35

அபிஷேகப்பட்டியில் கணிதத்தில் ஆய்வு செய்கிறேன். கணக்கு நிறைந்த ஆவணங்களைக் கட்டளைகள் எழுதிக் கோக்கும் லாடெக் என்ற மென்பொருளில் ஆய்வேட்டை எழுதுவதால் இந்தக் கேள்வியோடு சில மாதங்கள் மல்லுக்கட்டியிருக்கிறேன். டீச்சருக்கு நேர்ந்ததில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும்.

முதலாவது, எழுத்துகளின் வடிவம். தமிழ் அச்சில் உண்மையான சாய்வெழுத்து என்ற மரபே கிடையாது. ஆகவே பெரும்பாலான தமிழ் எழுத்துருக்கள் நிமிர்ந்தது, தடித்தது என்ற இரண்டோடு நின்றுவிடுகின்றன. சாய்வுப் பொத்தானை அழுத்தினால், இல்லாத சாய்வெழுத்துக்குப் பதிலாக மென்பொருள் நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சரித்துவிடுகிறது. அந்த எழுத்துருவுக்குள் இருக்கும் ரோமன் எழுத்துக்கும் இதே கதிதான். டைம்ஸ் போன்ற குடும்பத்தில் சாய்வெழுத்து தனியே வரையப்பட்டது, அதில் ஏ என்ற எழுத்தின் உருவமே மாறிவிடும். உங்கள் தாளில் எல் என்ற எழுத்து முதலிலேயே வெறும் கோடு, சரித்த பிறகும் அது சரிந்த கோடுதான். இயற்பியல் ஆசிரியர்களுக்கு வேறொரு தலைவலி உண்டு: திசைவேகத்துக்கான வி என்ற எழுத்தும் அதிர்வெண்ணுக்கான கிரேக்க நியூவும் பல சாய்வெழுத்துகளில் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. கணினி அறிவியலாளர் டொனால்டு நூத், தமது கணினி நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பை 1977இல் பார்த்து, ஒளியச்சில் அது வந்திருந்த அழகு பொறுக்காமல்தான் லாடெக்குக்கு அடிப்படையான டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அந்த டெக்கில் உரைக்கான ஓர் எழுத்துருவுக்கு ஏழு அளவுகள் போதும்: சாய்வு எவ்வளவு, சொல்லிடைவெளி எவ்வளவு, அது எவ்வளவு நீளலாம், எவ்வளவு சுருங்கலாம் என்பன போல. ஆனால் கணிதக் குறிகளுக்கான எழுத்துருவில் குறைந்தது 22 அளவுகளும், பெரிய அடைப்புக்குறிகளும் கூட்டுத்தொகைக் குறியும் இருக்கும் நீட்சி எழுத்துருவில் 13 அளவுகளும் இல்லாவிட்டால் அது கணக்கைக் கோக்கவே மறுத்துவிடும். அடுக்கு எவ்வளவு உயர வேண்டும், கீழொட்டு எவ்வளவு தாழ வேண்டும், பின்னத்தின் தொகுதி கோட்டிலிருந்து எத்தனை தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் அடக்கம். அந்த 22ஆவது அளவு மிகவும் முக்கியமானது. கூட்டல், கழித்தல், சமக்குறி, பின்னக்கோடு ஆகிய அனைத்தும் எந்த உயரத்தில் ஒரே நேராக நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது அதுதான்.

நூத் தமது உரைச் சாய்வெழுத்தையும் கணிதச் சாய்வெழுத்தையும்கூட வேறு வேறாகவே வைத்தார். உரையில் எழுத்துகள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு சொல்லாக வேண்டும். எஃப்பும் ஐயும் அடுத்தடுத்து வந்தால் கூட்டெழுத்தாக இணையவும் வேண்டும். கணக்கில் அதே எஃப்பும் ஐயும் இரண்டு தனி எண்களின் பெருக்கம். அங்கே அவை ஒட்டிக்கொண்டால் பொருளே மாறிவிடும். பத்தமடையில் சாதாரணப் பாயும் கோரைதான், பட்டுப்பாயும் கோரைதான். பட்டுப்பாய்க்கு அதையே இழையிழையாகக் கீறி எடுக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

குறுக்குத்துறை | செவ்வாய், பகல் 1.20

தம்பி சொல்வதில் பிழையில்லை. ஆனால் டீச்சர் கேட்டது பள்ளிக்கூட வினாத்தொகுப்பைப் பற்றி. ஆறாம் வகுப்புக் கூட்டல் கழித்தலுக்கும் பத்தாம் வகுப்புக் கூம்புக்கும் 22 அளவுகள் எதற்கு? நான் நூல் வடிவமைப்பவன். சூத்திரம் அதிகம் வராத கணக்கு, அறிவியல் நூல்கள் மூன்றை உரை எழுத்துருவிலேயே முடித்திருக்கிறேன். வாசகர் யாரும் குறை சொல்லவில்லை. சூத்திரம் வந்த இடத்திலெல்லாம் வேறொரு ஊர்க்காரர் வந்து உட்கார்ந்ததுபோல் எழுத்து மாறுவது கண்ணை உறுத்தும் என்று அந்த மூத்த ஆசிரியை சொன்னதை அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடாது.

ஒரே ஒரு இடத்தில் நான் சறுக்கியது உண்டு. ஜார்ஜியா எழுத்துருவில் எண்கள் பழைய பாணியில் ஏறியும் இறங்கியும் நிற்கும். 3, 4, 5, 7, 9 ஆகியவை வரிக்குக் கீழே வால் விடும், 0, 1, 2 ஆகியவை குட்டையாக நிற்கும். உரையில் அது அழகு. பின்னத்தில் வைத்தால் பகுதியில் இருக்கும் 2 கோட்டுக்குக் கீழே குள்ளமாக ஒடுங்கிவிட, தொகுதியில் இருக்கும் 7 தன் வாலால் கோட்டைத் தொட்டுவிட்டது. அதன்பின் எண்கள் சம உயரத்தில் நிற்கும் எழுத்துருவாகப் பார்த்தே எடுக்கிறேன்.

ஈயஎழுத்து | செவ்வாய், மாலை 5.48

வண்ணார்பேட்டையில் ஒரு சிறிய அச்சகத்தில் ஈய எழுத்தைக் கையால் கோக்கும் கம்போசிட்டராக இருந்தேன். அச்சகம் இப்போது இல்லை. குறுக்குத்துறைக்காரர் சொல்வதுபோல் உரைக்கு எந்த கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், எழுத்து எடுத்தோமோ அதே கேஸில்தான் கணக்குக்கும் எடுத்தோம். எங்களிடம் கணக்குக்கென்று தனி எழுத்து வாங்கி வைக்கும் வசதி இல்லை. ஆனால் உரை எழுத்தால் கணக்கு தானாக அமைந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஒரு பின்னம் வந்தால் நடுவில் பித்தளை ரூலை வெட்டி வைத்து, மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி கோத்து, இரு பக்கமும் இடைவெளிக்கான குவாட் கட்டைகளைப் போட்டு நடுவாக்கி, மொத்தமும் பக்கத்து எழுத்துகளோடு இறுகி நிற்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அடுக்குக்கு 6 பாயிண்டு எண்ணை எடுத்து, அதன் அடியில் ஈயத்தகடு செருகி உயர்த்துவோம். எவ்வளவு செருகுவது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. என் ஆசான் கைப்பட்டுக் கற்றது எனக்கும் கைப்பட்டு வந்தது. சமன்பாடு நிறைந்த ஒரு பக்கம் கோக்கும் நேரத்தில் கதைப் புத்தகத்தில் நாலைந்து பக்கம் கோத்துவிடலாம். தம்பி சொன்ன அந்த 22 அளவுகள் எங்கள் விரலில் இருந்தன. நீங்கள் இன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரலை விட்டுவிட்டீர்கள்.

பொதிகைத்தென்றல் | செவ்வாய், இரவு 9.30

ஐயா சொன்னதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. விரலுக்குப் பதில் என்ன செய்வது என்பதற்கு மட்டும் வருகிறேன்.

எழுத்தை உரை எழுத்துருவிலிருந்தும், அளவுகளையும் பெரிய குறிகளையும் கணித எழுத்துருவிலிருந்தும் எடுத்துக்கொள்வதுதான் இடைவழி. லாடெக்கில் மேத்அஸ்டெக்ஸ்ட் என்ற தொகுப்பு இதற்காகவே இருக்கிறது. ஆவணத்தின் உரை எழுத்துரு எதுவோ அதிலிருந்து ரோமன் எழுத்துகளையும் எண்களையும் சில எளிய குறிகளையும் சூத்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டு, வர்க்கமூலம், தொகையீட்டுக் குறி, நீளும் அடைப்புகள் ஆகியவற்றைக் கணித எழுத்துருவிடமே விட்டுவிடும். எழுத்துகளை அது நிமிர்த்தியே தரும் என்பதால், சாய்வு வேண்டுமானால் அதைத் தனியே சொல்ல வேண்டும். கணினியில் உள்ள ஒருங்குறி எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொள்ளும் லாடெக் வகையான ஸீலாடெக்கில் எழுதுகிறவர்களுக்கு மேத்ஸ்பெக் என்ற தொகுப்பு உண்டு; எண்களுக்கு ஓர் எழுத்துரு, ரோமனுக்கு ஒன்று, கிரேக்கத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்க அது இடம் தருகிறது. டீச்சருக்கு லாடெக் வேண்டாம் என்றால் லிப்ரெஆபிஸில் சூத்திரத்துக்கான பகுதியில் மாறிகள், எண்கள், சார்புகள், உரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எழுத்துருவைத் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம், அதற்குச் சாதாரண எழுத்துருவே போதும்.

வேர்டு இதில் கண்டிப்பானது. மைக்ரோசாப்ட் 2007 ஆபிஸோடு கேம்பிரியா மேத் என்ற கணித எழுத்துருவை வெளியிட்டபோது, நான் சொன்ன அளவுகளை ஒத்தவற்றையெல்லாம் ஓர் அட்டவணையாக எழுத்துருவுக்குள்ளேயே வைத்தது. அந்த அட்டவணை இல்லாத எழுத்துருவைச் சமன்பாட்டுப் பெட்டி தன் எழுத்துருவாக ஏற்பதில்லை. பெட்டிக்குள் ஒரு பகுதியைத் தேர்ந்து அதைச் சாதாரண உரை என்று குறித்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் வேறு எழுத்துருவைக் கொடுக்கலாம். எண்களை அப்படி மாற்றினால் மூத்த ஆசிரியையின் குறை தீரும். ஆனால் 72 பக்கத்துக்கும் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

எதிர்த்திசையிலும் யோசிக்கலாம். ஹெர்மான் சாப் வரைந்த ஆய்லர் எழுத்துருவில் கணித எழுத்துகள் சாயாமல், ஒரு கணக்கு வாத்தியார் கரும்பலகையில் அழகாக எழுதியதுபோல் நிமிர்ந்தே நிற்கும். 1989இல் நூத்தும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய பாடநூலில் ஆய்லரைப் பயன்படுத்தியபோது, அதன் கனத்துக்கு ஈடாக நிற்கும் உரை எழுத்துருவை நூத் தனியே உருவாக்கினார். கணக்குக்கு ஏற்றபடி உரை மாறியது.

இதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்குத் தொலைதூரம் போக வேண்டியதும் இருக்கவில்லை. டெக் பயனர்களின் உலக மாநாடு 2002இலும் 2011இலும் செங்கோட்டைக்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரத்தில்தான் நடந்தது.

கடையம் | புதன், காலை 6.55

எதிர்த்திசை என்றதும் நினைவுக்கு வருகிறது. கேம்பிரியா மேத் அழகாக இருக்கிறதே என்று என் தம்பி மகன் செய்முறைப் பதிவேட்டின் உரை முழுவதையும் அதிலேயே அடித்துவிட்டான். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மாட்டுவண்டி போகலாம் போல இடைவெளி. உயரமான சூத்திரக் குறிகளுக்கு இடம் வேண்டும் என்று அந்த எழுத்துருவின் உயரமும் ஆழமும் பெரிதாக வைக்கப்பட்டிருக்கின்றன. 20 பக்கம் வரவேண்டியது அறுபதைத் தாண்டியது. கணக்கு எழுத்துருவைக் கணக்குக்கு மட்டும் வையுங்கள்.

குறுக்குத்துறை | புதன், காலை 10.15

பெரியவர் சொன்னதைப் படித்த பிறகு என் மூன்று நூல்களில் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அடுக்குகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. நானே கையால் உயர்த்தியவை அவை. எஃப்பின் வர்க்கம் வந்த இடத்தில் சரிந்த எஃப்பின் தலை 2இன் மேல் முட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் குறை சொல்லவில்லை என்பதை மட்டும் வைத்துச் சரியாக இருந்தது என்று சொல்லிவிட முடியாதுதான். இருந்தாலும், எண்கள் உரையோடு ஒத்திருக்க வேண்டும் என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

சாயுயரம் | வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் மாலையும் இதிலேயே போயிற்று. லிப்ரெஆபிஸில் அந்த நான்கு பக்கத்தையும் மறுபடி கோத்துப் பார்த்தேன். எண்களுக்குத் தமிழ் எழுத்துருவில் இருக்கும் எண்களையே கொடுத்தேன், அவை சம உயரத்தில் நிற்கின்றன. மாறிகளுக்கு டைம்ஸின் உண்மையான சாய்வெழுத்தைக் கொடுத்தேன். வர்க்கமூலத்தையும் அடைப்புகளையும் அதன் போக்கிலேயே விட்டுவிட்டேன். சாயுயரத்துக்கு மட்டும் நாம் கரும்பலகையில் போடுவதுபோல் சுழித்து எழுதும் எல் குறியை வைத்தேன். மூத்த ஆசிரியை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 7 இப்போது ஒரே வீட்டுப் பிள்ளையாக இருக்கிறது என்றார். மாறிகள் வேறு எழுத்துருவில் இருப்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கண்ணை உறுத்தியது எண்கள்தான் போலும்.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. அரை × அடிப்பக்கம் × உயரம் என்பதுபோல் சூத்திரத்துக்குள்ளேயே தமிழ்ச் சொற்கள் வருகிற இடங்கள் ஏராளம். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் இயற்கணிதப் பகுதியை லாடெக்கில் செய்து தருவதாகச் சொல்கிறார். அதில் தமிழ் ஒழுங்காக வருமா?

பொதிகைத்தென்றல் | வெள்ளி, இரவு 9.25

வரும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஸீலாடெக் கணிதப் பகுதிக்குள் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி மாறியாக எடுத்துக்கொள்ளும். எழுத்துகள் சேரும்போது நடக்க வேண்டிய உருமாற்றம் அங்கே நடக்காது. கோணம் என்று நேரடியாக அடித்தால் ககரம் ஓரிடத்தில், ஓகாரக் குறி இன்னோரிடத்தில், மகரத்தின் புள்ளி வேறோரிடத்தில் என்று சிதறிவிடும். தமிழ்ச் சொல் வரும் இடமெல்லாம் டெக்ஸ்ட் கட்டளைக்குள் அதை அடைத்துவிடச் சொல்லுங்கள். அப்போது அந்தச் சொல் உரையாகவே கோக்கப்பட்டு முழுதாக வரும். பின்னத்தின் பகுதியில் தமிழ்ச் சொல் வந்தால் எழுத்தின் அளவை ஒரு சுற்றுக் கூட்டிவிடுங்கள். ரோமன் எழுத்து 7 பாயிண்டில் படிக்கும்படி இருக்கும், அதே அளவில் றகரமும் ணகரமும் அடைந்துபோகும்.

ஜங்ஷன் டிடிபி | சனி, காலை 9.05

டீச்சர், எந்த மென்பொருளில் செய்தாலும் கடைக்கு வேர்டு கோப்பாகக் கொண்டுவர வேண்டாம். எழுத்துருக்கள் எல்லாவற்றையும் உள்ளே பதித்து பிடிஎஃப் ஆகக் கொண்டுவாருங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த எழுத்துரு என் கணினியில் இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு இன்னொன்றைப் போட்டுவிடும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று கொக்கியைத் தொங்கவிட்ட பையன்தான் இன்றும் என் கடையில் கணினியில் உட்கார்ந்திருக்கிறான். வயது நாற்பதாகிவிட்டது. ஆனாலும் எழுத்து சிறியதாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவன் கை இன்னமும் முழுப் பக்கத்தையும் தேர்வு செய்யத்தான் போகிறது.